பெட்டிக்கு ஒரு பேர்: லக்கேஜ் டேக் கடல் கடந்த கதை

இந்த எபிசோடுல ரொம்பச் சின்னப் பொருள் ஒண்ணைப் பத்திப் பேசப்போறோம். உள்ளங்கை அளவு அட்டை, அதுல ஒரு ஓட்டை, ஓட்டையில ஒரு கயிறு. லக்கேஜ் டேக்.

திடீர்னு ஏன் இதுன்னு கேப்பீங்க. போன வருஷம் அம்மாவைக் கூட்டிட்டு ஒரு சொகுசுக் கப்பல்ல போனேன். கப்பல் பயணத்துல லக்கேஜுக்கு ஒரு முறை இருக்கு. டேக் மெயில்ல வந்துடும். நாமளே பிரிண்ட் எடுத்து, மடிச்சு, கைப்பிடியைச் சுத்தி ஸ்டேப்லர் அடிக்கணும். அதுல பேர், கப்பல், கேபின் நம்பர் இருக்கும். துறைமுகத்துல பெட்டியைக் கொடுத்துட்டா, சாயங்காலம் கேபின் வாசலுக்கே வந்துடும்.

நான் அம்மா பெட்டிக்கு ஒரே ஒரு பின் அடிச்சேன். நூத்துக்கணக்கான பெட்டிகளோட உரசினதுல டேக் கிழிஞ்சு எங்கேயோ விழுந்துடுச்சு. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பெட்டி வரல. அம்மாவோட சுகர் மாத்திரை அதுக்குள்ளதான் இருந்துச்சு. கடைசியில டேக் இல்லாத பெட்டிகளை வரிசையா வெச்சிருந்த இடத்துக்குப் போனோம். "உள்ளே என்ன இருக்கு, சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. மேலாப்புல இருக்கிற புடவையோட கலரையும் கரையையும் அம்மா சொன்னதுக்கு அப்புறம்தான் பெட்டி கைக்கு வந்துச்சு. திரும்பி வரும்போது அம்மா சொன்னாங்க: "ஒரு பேரை ஒழுங்கா கட்டத் தெரியல. நீயெல்லாம் இன்ஜினியர்!"

அந்தக் கோபத்துலதான் தேட ஆரம்பிச்சேன். என்னோட பிரச்சினைக்கு 1863லேயே ஒருத்தர் பதில் கண்டுபிடிச்சிருக்கார்.

அமெரிக்காவுல டென்னிசன்னு ஒரு குடும்பம். நகைக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செஞ்சவங்க. அந்தக் குடும்பத்துல எலிஃபலெட் டென்னிசன் சரக்கு டேகைக் கவனிச்சார். அட்டையில போட்ட ஓட்டைதான் அதோட பலவீனமான இடம். கயிறு இழுத்தா அங்கேதான் முதல்ல கிழியும். அதனால ஓட்டையைச் சுத்தி முன்னாடியும் பின்னாடியும் வட்டமா காகித வளையம் ஒட்டினார். அவ்வளவுதான். அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார். மொத்த அட்டையையும் தடிமனாக்காம, உடையிற இடத்தை மட்டும் பலப்படுத்தின இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழைய பார்சல் டேக்ல ஓட்டையைச் சுத்தி ஒரு சின்ன வட்டம் பாத்திருப்பீங்க. அதோட ஆரம்பம் இதுதான்.

கிழியாம இருந்தா மட்டும் போதாது. பெட்டி என்னோடதுன்னு எப்படி நிரூபிக்கிறது? 1882ல கனடாவின் மாங்க்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ், ரெண்டா பிரியிற டிக்கெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டு பாதியிலயும் ஒரே வரிசை எண். ஒண்ணு பெட்டிக்கு, இன்னொண்ணு பயணி கைக்கு. டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லணும்னா, பிரைமரி கீ. இன்னைக்கு விமான நிலையத்துல பெட்டிக்கு ஒரு நீளப் பட்டையும் நம்ம கையில ஒரு சின்னச் சீட்டும் தர்றாங்களே, அது இந்த யோசனையோட பேரப்பிள்ளை.

கப்பல்ல வேற ஒரு சிக்கல். பயணம் நாள் கணக்கு, சில சமயம் வாரக் கணக்கு. வசதியான ஒரு பயணிகிட்ட பத்துப் பெட்டிகூட இருக்கும். எல்லாத்தையும் கேபின்ல வைக்க முடியாது. அதனால நீராவிக் கப்பல் கம்பெனிகள் பெட்டிகளைப் பிரிச்சு லேபிள் ஒட்டினாங்க. கேபினுக்கு ஒரு லேபிள். 'பயணத்தில் தேவை'ன்னு ஒண்ணு; அந்தப் பெட்டி லக்கேஜ் அறையில இருக்கும், நடுவுல போய்த் திறந்துக்கலாம். 'பயணத்தில் தேவையில்லை'ன்னு இன்னொண்ணு. அது நேரா அடித்தளச் சரக்கறைக்குப் போயிடும், கரை சேரும் வரைக்கும் கண்ணுல படாது. இதோட, குடும்பப் பேரோட முதல் எழுத்தைப் பெருசா அச்சடிச்ச லேபிளும் உண்டு. நியூயார்க்ல இறங்கினா, சுங்கக் கொட்டகையில எழுத்து வாரியா இடம் பிரிச்சிருப்பாங்க. ஸ்மித்னா 'எஸ்' பலகைக்குக் கீழே போய் நிக்கணும். இனிஷியலோட வாழற நம்ம ஆளுங்க அங்கே போயிருந்தா, அப்பா பேருக்குக் கீழேயா, நம்ம பேருக்குக் கீழேயான்னு ரெண்டு பலகைக்கும் ஓடியிருப்பாங்க.

இதுவரைக்கும் நான் சொன்னது பெட்டிகளோட கதை. அதே கப்பல்கள்ல வந்த மனுஷங்க மேலயும் டேக் இருந்துச்சு. இனிமே அந்தப் பகுதி.

1892ல நியூயார்க் துறைமுகத்துல எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தாங்க. 1954 வரைக்கும் கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் பேர் அது வழியா அமெரிக்காவுக்குள்ள போனாங்க. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைப் பெரும்பாலும் கப்பல்லேயே சோதிச்சு அனுப்பிடுவாங்க. மூன்றாம் வகுப்புல வந்தவங்கதான் தீவுக்குப் போகணும். அவங்க சட்டையில ஒரு டேக் குத்தியிருப்பாங்க. அதுல இருந்தது, கப்பலோட பயணிகள் பட்டியல்ல அவங்க எந்தப் பக்கம், எந்த வரிங்கிற எண். அதிகாரி அந்தப் பக்கத்தைத் திருப்பி, அந்த வரியைப் பார்த்துக் கேள்வி கேப்பார். மொழி தெரியாத ஆயிரக்கணக்கான பேரை ஒரே நாள்ல சமாளிக்க அது உதவுச்சு. நான் அங்கே இன்ஜினியரா இருந்திருந்தா நானும் இதையேதான் டிசைன் பண்ணியிருப்பேன். அதை நினைச்சாதான் கொஞ்சம் உறுத்துது.

அடுத்தது நம்ம ஆளுங்களோட கதை. 1900களோட தொடக்கத்துல, தமிழ்நாட்டுக் கிராமங்கள்லேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தாங்க. 'டின் டிக்கெட்'னு அதுக்குப் பேர். அதைக் கழுத்துல மாட்டிக்கணும். அதுல தோட்டத்தோட எண்ணும் ஆளோட வரிசை எண்ணும் பொறிச்சிருக்கும். அதைக் காட்டினா போதும், வழியில இருக்கிறவங்க அவரை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பி வெச்சுடுவாங்க. கையில காசு வேண்டாம். கேக்க வசதியாத்தான் தெரியும். ஆனா அந்தப் பயணச் செலவு தோட்டத்தோட கணக்குல ஏறும், அங்கேர்ந்து தொழிலாளி கடன்ல ஏறும். வேலையில முதல் நாள் நிக்கிறதுக்கு முன்னாடியே அவர் கடனாளி.

நம்ம பெட்டியில கட்டுற டேக்ல யார் பேர் இருக்கும்? சொந்தக்காரர் பேர். அந்தத் தகர வில்லையில இருந்தது தோட்டத்தோட எண். கப்பல்ல போற ஒரு மனுஷனை, போய்ச் சேர வேண்டிய சரக்கு மாதிரி அது நடத்துச்சு. டேக் ரொம்ப நல்லா வேலை செஞ்சதுங்கறதுதான் இதுல கொடுமை. அது கிழியாது, நனையாது, தொலையாது. டென்னிசன் தேடின பலமெல்லாம் அதுல இருந்துச்சு.

இதே மாதிரி குழந்தைகள் மேல கட்டின டேகும் உண்டு. 1939 செப்டம்பர் 1 அன்னைக்கு, குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் தன் நகரங்கள்லேர்ந்து குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சுது. சில நாள்லேயே தாய்மார்களையும் சேர்த்து சுமார் 15 லட்சம் பேர் போனாங்க. கோட்டுல ஒரு லக்கேஜ் லேபிள் கட்டி, அதுல பேரும் பள்ளிக்கூடமும் எழுதி, பெத்தவங்க ரயில் ஏத்தி விட்டாங்க. அந்தக் குழந்தைகளைப் பார்த்த ஞாபகம் மைக்கேல் பாண்ட்ங்கிற எழுத்தாளர் மனசுல தங்கிடுச்சு. 1958ல அவர் எழுதின கதையில பெரு நாட்டுலேர்ந்து ஒரு கரடிக்குட்டி கப்பலோட உயிர்காப்புப் படகுல ஒளிஞ்சு வருது. கழுத்துல ஒரு லேபிள், தன்னைப் பார்த்துக்கச் சொல்லி. ஆமா, நம்ம பாடிங்டன்தான். படம் பார்க்கும்போது அழகா இருந்த அந்த லேபிள், இது தெரிஞ்ச பிறகு எனக்கு வேற மாதிரி தெரியுது. ஒரு அம்மா முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருப்பாங்க இல்லையா?

சரி, கப்பல்ல போறவங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இதோ. காகித டேகை அப்படியே கட்டாதீங்க. பிளாஸ்டிக் உறையில போட்டு, எஃகுக் கம்பி வளையத்துல மாட்டுங்க. உள்ளே இழுத்து நீட்டுற கைப்பிடி வேண்டாம், பெட்டியோட தைச்சிருக்கிற கைப்பிடியில கட்டுங்க. பழைய விமான ஸ்டிக்கரை எல்லாம் உரிச்சுடுங்க. பேரும் போன் நம்பரும் எழுதின இன்னொரு சீட்டைப் பெட்டிக்குள்ள மேலாப்புல வைங்க. மாத்திரை எப்பவும் கைப்பையில.

அடுத்த பயணத்துக்கு அம்மா என்னை நம்பல. ஒரு துணிப் பட்டையில மார்க்கர்ல தானே எழுதி, கைப்பிடியோட சேர்த்துத் தைச்சுட்டாங்க. கேபின் நம்பருக்கு அதுல இடமே இல்ல. பட்டை முழுக்க அவங்க பேர்தான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. உங்க வீட்டுல யாராவது கடல் தாண்டிப் போயிருந்தா, அவங்க என்ன எடுத்துட்டுப் போனாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க.