ஆர்க்காட்டுக் குதிரைகள்

இங்கிலாந்தின் படையணிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரலாற்று ஏடு உண்டு. எந்தக் கடலைக் கடந்தது, எந்த மண்ணில் போரிட்டது, எத்தனை கொடி பெற்றது என்று பக்கம் பக்கமாகப் பாராட்டு மாலை சூட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட அணிகளுள் ஒன்று 19ஆம் டிராகூன் குதிரைப்படை. அதன் சின்னத்தில் யானை இருந்தது! இங்கிலாந்தின் காட்டிலே யானை ஏது? இங்கிருந்து போன யானை அது. எப்படிப் போயிற்று என்று கேட்டால், நம் வட்டாரத்து வரலாறு வெளிவருகிறது.

1780இல் மைசூர் வேந்தன் ஐதர் அலியின் படைகள் கருநாடகச் சமவெளியில் இறங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று அடியோடு அழிந்தது. ஐதரின் வலிமை குதிரைப்படை. கம்பெனியின் வலிமையோ காலாட்படை. ஓடுகிற குதிரையை நடக்கிற கால் பிடிக்குமா? திகைத்த வெள்ளையர், 1781 செப்டம்பரில் இங்கிலாந்தில் புதிய குதிரைப்படை ஒன்றைத் திரட்டினர். அதே மாதத்தில்தான் பள்ளிப்பட்டுக்குத் தெற்கேயுள்ள சோளிங்கரில் ஐதருக்கும் கம்பெனிக்கும் கடும்போர் மூண்டது. புதிய படைக்கு முதலில் 23 என்று எண் தந்தனர். 1782இன் பிற்பகுதியில் அது சென்னையில் வந்து இறங்கிற்று. 1786இல் 23 என்ற எண் 19 ஆயிற்று. மன்னரின் குதிரைப்படை இந்திய மண்ணில் கால் வைத்தது அதுவே முதன்முறை.

மன்னர் படை என்பது பெயர். தீனி யார் போட்டது? இந்தியாவில் இருக்கும் வரையில் மன்னர் படையின் செலவும் கம்பெனியின் தலையில்தான். கம்பெனிக்கு எங்கிருந்து பணம்? உழவன் கட்டிய நிலவரி! இலண்டனிலிருந்து வந்த குதிரை வீரன், வடஆர்க்காட்டு வரகிலும் நெல்லிலும் வளர்ந்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1790 முதல் 1792 வரை நடந்த மைசூர்ப் போரிலும், திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டுப் போரிலும் இந்த அணி ஈடுபட்டது. அதன் புகழ் உச்சிக்கு ஏறியது 1803 செப்டம்பர் 23ஆம் நாள், தக்காணத்தில் அசாயி என்ற சிற்றூரில். பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று பெயர் பெற்ற வெல்லெஸ்லி, தம்மினும் பன்மடங்கு பெரிய மராட்டியப் படையோடு மோதினார். பீரங்கிக் குண்டுக்கு நடுவே வெள்ளையரின் 74ஆம் காலாட்படை சிதைந்து சாகும் நிலையில், குதிரைப்படை பாய்ந்து மீட்டது. அந்தப் பாய்ச்சலை நடத்திய 19ஆம் அணியின் தலைவர் மாக்ஸ்வெல் அன்றே மாண்டார். 'அசாயி' என்ற பெயரும் யானைச் சின்னமும் வந்தது இவ்வாறே.

ஆனால் அன்று பாய்ந்தவை வெள்ளையர் ஏறிய குதிரைகள் மட்டுமா? சென்னை நாட்டுக் குதிரைப்படையின் 4, 5, 7ஆம் அணிகளும் உடன் பாய்ந்தன. அவற்றில் சேணம் ஏறியிருந்தவர்கள் நம்மவர்கள். அந்த 7ஆம் அணியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே ஆண்டுகளில் அது மறுபடியும் வரும்.

1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் ஓர் ஆணை பிறப்பித்தார். சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோலாலான குஞ்சம் இருக்கும். அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். இந்துவுக்கு நாமம் போயிற்று, முஸ்லிமுக்குத் தாடி போயிற்று, இருவர் தலையிலும் தோல் ஏறிற்று. 1806 மே மாதம் வேலூரில் மறுத்துரைத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது.

இங்கே பகுத்தறிவு பேசும் இளைஞன் ஒருவன் என்னை மடக்கலாம். "நாமம் அழிந்தால் நமக்கென்ன நட்டம்? கிரடாக் செய்தது சீர்திருத்தம் அல்லவா?" அல்ல, தோழா! நாமத்தின் பொருளற்ற தன்மையை எடுத்துக்காட்டி அவர் எவரையும் சிந்திக்கச் சொல்லவில்லை. அணிவகுப்பிலே ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் வேண்டும் என்பதே அவர் ஆசை. தானே எண்ணிப் பார்த்துத் திருநீற்றைத் துடைப்பவன் மனிதன். சவுக்கைக் கண்டு துடைப்பவன் அடிமை. அந்தச் சிப்பாய் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் உயர முடியாது. நேற்று மீசை அரும்பிய வெள்ளைக்காரப் பையன் அவனுக்கு மேலதிகாரி. தலைப்பாகைக்குள்ளே புகைந்தது இந்தத் தீயும்தான்.

1806 சூலை 10ஆம் நாள், விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் தீ வெடித்தது. கோட்டையில் இருந்தவர்கள் 69ஆம் வெள்ளைக் காலாட்படையின் நான்கு கம்பெனிகளும் ஏறத்தாழ 1500 சிப்பாய்களும். கோட்டைத் தலைவர் பான்கோர்ட் சுடப்பட்டார். 14 அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் மாண்டனர். உறக்கத்தில் இருந்தவர்களையும் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் கொன்றார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மக்களைச் சூழ்ந்து ஆரவாரம் எழுந்தது. மைசூர்க் கொடி ஏறிற்று. கொடி ஏறியதே தவிரக் கட்டுப்பாடு ஏறவில்லை. வெளிக்கதவுகளை அடைக்காமல் பலர் கொள்ளையில் இறங்கினர். வாயிலின் மேல் மதிலில் 69ஆம் அணியில் எஞ்சிய சிலர் தோட்டா தீர்ந்தும் ஒட்டிக்கொண்டிருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. இந்த அலட்சியம் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான உயிரை விலையாகக் கேட்டது.

16 மைல் தொலைவில் ஆர்க்காட்டுப் பாளையம். அங்கே இருந்தது நம் 19ஆம் டிராகூன். தலைவர் கர்னல் கில்லஸ்பி. மேற்கிந்தியத் தீவுகளில், விடுதலைக்கு எழுந்த கறுப்பின அடிமைகளின் செயிண்ட் டொமிங்கோவில் வாள் வீசிவிட்டு இங்கு வந்தவர். செய்தி எட்டியதும் பீரங்கிகளுக்குக்கூடக் காத்திராமல் சிறு கூட்டத்தோடு முன்னே பறந்தார். மதிலின் மேலிருந்த சார்ஜெண்ட் பிராடி பழைய அறிமுகத்தால் அவரை அடையாளம் கண்டார்; இடைவார்களைப் பிணைத்த கயிற்றில் கில்லஸ்பி மேலே ஏறினார். குதிரை இழுத்த இலகு பீரங்கிகள் வந்து உள்வாயிலை உடைத்தன. குதிரைகள் உள்ளே நுழைந்தன. காலை 10 மணியளவில் எல்லாம் முடிந்தது.

முடிந்த விதம் என்ன? அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திப் பீரங்கியால் சுட்டுத் தள்ளினர். வாயிலைத் தகர்த்த பொறியாளர் பிளாக்கிஸ்டன், அக்காட்சியைக் கலங்காமல் பார்க்க முடிந்ததாகத் தம் நினைவு நூலில் எழுதிவைத்தார். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 என்பர். 800 என்பாரும் உண்டு. பின்னர் விசாரணை நடத்தி 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர். 5 பேரைச் சுட்டனர். 8 பேரைத் தூக்கிலிட்டனர்.

அன்று குதிரையில் வந்து கோட்டையில் பாய்ந்தவர்கள் யாவர்? 19ஆம் அணியோடு, அசாயியில் பாய்ந்த அதே 7ஆம் நாட்டுக் குதிரைப்படையின் ஒரு பிரிவு! உள்ளே செத்தவனும் நம்மவன். வெளியிலிருந்து வந்து வெட்டியவனும் நம்மவன். கோட்டையில் இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்றார்கள். ஆனால் 16 மைலுக்கு அப்பால் இருந்தவனோடு அந்தத் தோள் சேரவில்லை. நாம் தோற்றது குதிரையின் வேகத்தால் என்று எழுதுகிறார்கள். வேகம் உண்மைதான்; ஆர்க்காட்டில் நம்மவன் குதிரைக்குச் சேணம் கட்டியதும் உண்மையல்லவா?

அடக்கிய பின் ஆண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1807இல் கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். மதத்திலும் சாதி வழக்கத்திலும் கை வைக்கலாமா, பாதிரிகளை இந்தியாவில் விடலாமா என்று இங்கிலாந்தில் வாதம் நடந்தது. கம்பெனி கற்ற பாடம் இது: நாமத்தைத் தொடாதே, நாட்டை ஆளலாம்! சிப்பாய்க்கு நாமம் திரும்பக் கிடைத்தது, கடுக்கன் திரும்பக் கிடைத்தது. சுபேதாருக்கு மேலொரு படி? அது கிடைக்கவில்லை. கேட்டவனுக்குச் சமத்துவம் தருவதைவிடச் சாதிக்குறியைத் தருவது ஆண்டவனுக்கு மலிவு.

கில்லஸ்பி பின்னர் சாவாவுக்குப் போனார். 1812இல் யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கினார். 1814இல் நேபாளப் போரில் களங்காக் கோட்டையின் முன் குண்டு பாய்ந்து இறந்தார். இலண்டன் புனித பவுல் பேராலயத்திலும் அயர்லாந்தில் பிறந்த ஊரிலும் அவருக்குச் சிலை உண்டு. வேலூரில் மக்கான் அருகே 1806இன் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. 2006இல் அஞ்சல் தலையும் வெளிவந்தது. 7ஆம் குதிரைப்படையின் வீரர்களைப் பற்றி மட்டும் இரு தரப்பும் பேசுவதில்லை.

19ஆம் டிராகூன் இந்தியாவை விட்டுக் கப்பலேறியது. 1813இல் அதைக் கனடாவுக்கு அனுப்பினர். அங்கே அமெரிக்கரோடு போரிட்டது. 1821இல், செலவு மிகுதி என்று கலைத்தனர். பின்னாளில் 19 என்ற எண்ணைத் தாங்கி எழுந்த வேறொரு குதிரைப்படை, அந்த யானையையும் எடுத்துச் சூடிக்கொண்டது.