மேஸ்திரிக்குப் பின் வந்தவர்

பேத்திக்குச் சென்னையில் ஹெச்.ஆர். மேனேஜர் வேலை. போன மாதம் வந்திருந்தவள், "உங்க காலத்துல மில்லுல எல்லாம் ஹெச்.ஆர். உண்டா தாத்தா?" என்று கேட்டாள். உண்டு, வேறு பெயரில். அவருக்கும் முன்னால் மேஸ்திரி இருந்தார்.

சவானா, ரோடியர், கப்ளே ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய பஞ்சாலைகளில் வேலை கேட்டுப் போகிறவன் முதலாளியைப் பார்ப்பதில்லை, மேஸ்திரியைத்தான் பார்ப்பான். சேர்ப்பதும் அவர், நிறுத்துவதும் அவர். இரண்டுக்கும் மாமூல் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் இதே கதைதான். 1929இல் விட்லி என்பவர் தலைமையில் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன், 1931இல் தந்த அறிக்கையில், ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. இன்றைய மனிதவள மேலாளருக்கு அவரே பாட்டனார்.

நம் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம். அந்த அறிக்கை இங்கே செல்லாது. இங்கே மாற்றம் வேறு வழியாக வந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகே, 1937இல், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் சட்டம் நாளைக்குப் பத்து மணி நேரம் வரை அனுமதித்த காலம் அது.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 49ஆம் பிரிவில், ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது. சம்பளம் கொடுப்பவர் முதலாளி. கடமையை வகுப்பது அரசு. தொழிலாளியின் குறையை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவர். இப்படி ஒரு நாற்காலியைப் போட்டவர்கள் அதில் உட்காரப் போகிறவனைப் பற்றி யோசித்தார்களா என்று நான் நினைத்ததுண்டு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்த உத்தியோகம் 'ஷெஃப் து பெர்சொனெல்' என்றுதான் பழக்கம். அந்தப் பெயரில் ஆளாவது இருந்தான். 'மனித வளம்' என்று கேட்கும்போது நெய்வேலி நிலக்கரி ஞாபகம்தான் வருகிறது. பேத்தி கோபித்துக்கொள்வாள்.

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு ஓர் ஆலையின் நல அலுவலர் அடிக்கடி வருவார். ஆலையின் பெயர் வேண்டாம். ஒருமுறை தறிக்காரர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கிய தாள்கள் வந்தன. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் வராமல் இருந்துவிட்டார். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. நிர்வாகத்தின் விளக்கக் கடிதம் கையால் எழுதியது, கீழே நல அலுவலரின் ஒப்பம். இரண்டு நாள் கழித்து அந்தத் தொழிலாளியின் மனு வந்தது. கடைசியில் கைநாட்டு. கடிதத்தின் ஒவ்வொரு வாதத்துக்கும் மனுவில் கச்சிதமான பதில் இருந்தது. 'ழ'கரத்தின் சுழியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை.

மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியது என் வேலையா, இல்லையா? ஒரு ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி, நடுவில் வருகைப் பதிவேட்டு நகலை வைத்து, டேக் போட்டு மேலே அனுப்பினேன்.

பேச்சுவார்த்தையில் தறிக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. அடுத்த முறை வேறொரு காரியமாக வந்த நல அலுவலருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.