முதலும் வட்டியும்

வாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்தைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை தொடங்கப்போவதாகச் சொல்லி, கணக்கு எழுத என்னைக் கூப்பிட்டார் ஒரு நண்பர். பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இலக்கிய நண்பர்களிடம் கிடைக்கும் மரியாதை இது. சரி என்று சொல்வதற்குமுன் ஒன்று சொன்னேன்: இதே ஊரில் இந்தக் காரியம் ஒருமுறை நடந்திருக்கிறது.

1879இல் வாகூரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுக்குரியவை. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. வேசாலிப் பேரரையன் விண்ணப்பிக்க, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் வாகூர் வித்யாஸ்தானத்துக்கு வித்யாபோகமாக விடப்பட்டன. பணமாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்தின் விளைவைக் கொடுத்து, வரியையும் நீக்கி, எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். முதலில் கைவைக்க முடியாது, வட்டியை மட்டும் உண்ணலாம். ஒரு குமாஸ்தாவாக இந்த ஏற்பாட்டின்முன் எனக்குப் பணிவு உண்டு.

இன்று வித்யாஸ்தானம் இல்லை. செப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆசிரியனின் சாப்பாட்டுக்குச் சாசனம் வழிசெய்தது. கற்க வேண்டும் என்ற ஆசையை எந்தச் சாசனமும் எழுதிவைக்க முடியாது. எது வித்தை என்பதையும் அதுவே தீர்மானித்தது: வேதம், வேதாங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம். கூத்தாடியும் குயவனும் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாத குயவனின் மண்வேலை வில்லியனூரில் இருக்கிறது. அங்குள்ள வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை வைத்து, மானியம் இல்லாத கலைதான் பிழைக்கும் என்று சொல்வது சோம்பேறித்தனம். குயவனுக்கும் மானியம் இருந்தது. அய்யனாருக்குக் குதிரை நேர்ந்துகொண்டவனும் பொங்கலுக்குப் பானை வாங்கியவளும் கொடுத்த மானியம் அது. அதை யாரும் செம்பில் பொறிக்கவில்லை, அவ்வளவுதான்.

1931இல் பாரிஸ் காலனியக் கண்காட்சியில் பாலித் தீவின் நடனத்தைப் பார்த்து ஆர்த்தோ அதிர்ந்துபோனது நமக்கெல்லாம் தெரியும். 1936இல் உபுதில் வால்டர் ஸ்பீஸ், ருடால்ஃப் போனே, அவ்வூர் அரச குடும்பத்தார், ஓவியர்கள் எல்லோரும் சேர்ந்து 'பித்த மஹா' என்ற கலைஞர் சங்கத்தை நிறுவினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பாலியின் ஆட்டத்தைத் தாங்குவது சங்கமல்ல. 210 நாளுக்கு ஒருமுறை கோயில் விழா வந்துவிடும், ஊர் ஆடியாக வேண்டும். வாத்தியம் ஊர்க் குழுவின் பொதுச் சொத்து. அந்தக் கட்டாயம்தான் முதல். ஸ்தாபனங்களின் உதவி எல்லாம் வட்டி.

நண்பரின் திட்டத்தில் படப்பிடிப்பு, ஆவணக் காப்பகம், பட்டணத்தில் ஆண்டுவிழா எல்லாம் இருந்தன. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்துக்குத் தம்பிடி இல்லை. நான் ஒரு நிபந்தனை போட்டேன். கூத்துச் செலவில் பாதியை ஊர் வசூலித்தால் மறுபாதியை நாம் கொடுப்போம். ஊருக்கு வேண்டாம் என்றால் கணக்கை மூடிவிடுவோம். வேண்டாதவர்கள் தலையில் கட்டிக் காப்பாற்றப்படும் கலை, பாரிஸுக்குப் போன செப்பேடு மாதிரிதான். பத்திரமாக இருக்கும், படிக்கவும் முடியும். பள்ளிக்கூடம் மட்டும் இருக்காது.

நண்பர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் பேரேடு வாங்கிவிட்டேன். வரவுப் பக்கத்தின் முதல் வரியில் 'ஊர்ப் பங்கு' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டிருக்கிறேன்.