மோன் வலேரியன் நினைவேந்தல்

பாரிஸுக்கு மேற்கே சுரேன் நகரையொட்டிய குன்றின் மேல் 1840களில் கட்டப்பட்ட கோட்டை மோன் வலேரியன். இரண்டாம் உலகப்போரில் பிரான்சைக் கைப்பற்றிய ஜெர்மானியர், 1941 முதல் 1944 வரை இக்கோட்டைக்குள் மரங்கள் சூழ்ந்த ஒரு திடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். போருக்குப் பின் இங்கே இரு வகை நினைவேந்தல் வேரூன்றியது. ஒன்று, திடலில் மாண்டவர்களுக்குக் குடும்பத்தாரும் தோழர்களும் செலுத்தும் அஞ்சலி. மற்றொன்று, ஆண்டுதோறும் ஜூன் 18 அன்று நடக்கும் அரசு விழா. 1940இல் அதே நாளில்தான் லண்டன் வானொலியில் பிரெஞ்சுத் தளபதி தெகோல் போரைத் தொடர அழைப்பு விடுத்தார்.

அரசு விழா தொடக்கத்தில் தனிமனிதரை அல்ல, தேசத்தையே முன்னிறுத்தியது. 1945 நவம்பர் 11 அன்று பல போர்முனைகளின் அடையாளமாக 15 உடல்கள் இங்கு கொண்டுவரப்பட்டன. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் வீரர்களும் பெண்கள் இருவரும் அவற்றுள் அடக்கம். 1960 ஜூன் 18 அன்று நினைவகத்தைத் தெகோல் திறந்துவைத்தார். திடலிலோ, 4,500க்கும் மேற்பட்ட போராளிகள் இங்கே வீழ்ந்ததாக ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கொல்லப்பட்டோரின் உடல்களை ஜெர்மானியர் வெவ்வேறு இடுகாடுகளில் சிதறடித்துப் புதைத்திருந்ததால் உண்மைக் கணக்கு அப்போது யார் கையிலும் இல்லை. பின்னர் ஆவணங்களைத் தேடிப் பெயர்களைத் திரட்டியபோது அத்தொகை ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்தது. செனட்டர் ரோபேர் பதேந்தேர் 1997இல் முன்வைத்த சட்ட முன்மொழிவின் பயனாக, அப்பெயர்களைத் தாங்கிய வெண்கல மணி 2003இல் நிறுவப்பட்டது.

எண்ணிக்கையைக் குறைப்பது தியாகத்தைக் குறைப்பதாகாதா என்ற கேள்வி எழும். நடந்தது நேர்மாறானது. பெருந்தொகை முகமற்ற வீரர் கூட்டத்தையே காட்டியது. கொல்லப்பட்டோரில் பொதுவுடைமையரும் யூதரும் அயல்நாட்டவரும் எத்தனை பேர் என்பதைப் பெயர்ப்பட்டியலே வெளிப்படுத்தியது. 1944 பிப்ரவரி 21 அன்று ஆர்மீனியப் போராளியான மிசாக் மானூஷியானும் தோழர்கள் 21 பேரும் இங்கு சுடப்பட்டனர். சரியாக 80 ஆண்டு கழித்து அவர், பிரான்சின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸ் பந்தியோனில் அடக்கம் பெற்றார். பிணைக்கைதிகளாகச் சுடப்பட்டவர்களைப் போராளிகளோடு சேர்ப்பது முறையா என்பது இன்னொரு ஆட்சேபம். 'போராளி' என்ற தகுதியை அளவுகோலாக்கினால்தான் அது சிக்கல். மணி அத்தகுதியைக் கேட்பதில்லை. பிணைக்கைதிகளின் பெயர்களையும் அது தாங்குகிறது.

பிழையான தொகை கொண்ட கல்வெட்டை இன்னும் அகற்றவில்லை என்பது குறையாகத் தோன்றலாம். ஆனால் அதைப் பெயர்த்தெடுத்தால், கொன்றவர்கள் தடயத்தை எவ்வளவு திறமையாக மறைத்தார்கள் என்பதற்கான சான்றும் போய்விடும். தொகை பிழையாக இருப்பதன் காரணமே அந்த மறைப்புதான். பெயர்களைத் தாங்கிய மணி அருகிலேயே நிற்கும்வரை, அக்கல்வெட்டு வரலாற்றைத் திரிப்பதில்லை. வரலாறு எப்படித் திருத்தப்பட்டது என்பதைச் சொல்கிறது.