டென்வர் கிணறும் பாறையின் பிடியும்

பழைய பாறை அடுக்கு ஒன்று இளைய அடுக்கின் மேல் ஏறி, ஏறக்குறைய மட்டமான பிளவு வழியே பல கிலோமீட்டர் நகர்ந்து கிடக்கும். மலைத்தொடர்களில் இதைக் கண்ட புவியியலாளர்கள் வெகுகாலம் திகைத்தார்கள். உராய்வைக் கணக்கிட்டால் அது நடந்திருக்கவே முடியாது. அவ்வளவு கனத்தைப் பின்னாலிருந்து தள்ளினால், நகர்வதற்கு முன்பே பாறை நொறுங்கிவிடும்.

1959-இல் கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி என்ற இரு புவியியலாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறினால், மேலே உள்ள கனத்தில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்ளும். மிச்சக் கனம்தான் பிளவின் இரு முகங்களையும் இறுக்கிப் பிடிக்கும். நீர் எண்ணெய்போல வழுக்க வைக்கிறது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. உராய்வுக் குணகம் பெரிதாக மாறுவதில்லை, இறுக்கும் பாரம்தான் குறைகிறது.

அவர்கள் செய்து காட்டிய சோதனை மிக எளிமையானது. காலி பீர் டப்பாவைக் குளிரவைத்து, லேசாகச் சாய்த்த ஈரக் கண்ணாடியில் வாய் கீழே இருக்கக் கவிழ்த்தார்கள். முதலில் அது அசையவில்லை. உள்ளிருந்த காற்று சூடேறி விரிந்து டப்பாவின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கியதும், யாரும் தொடாமலே சரிந்து ஓடியது.

பூமி இந்த விடையை மெய்ப்பித்தது அமெரிக்காவின் கொலராடோவில், டென்வர் அருகே. அங்கிருந்த ராணுவ ரசாயன ஆலை, தன் கழிவுநீரைக் கொட்ட சுமார் 3,670 மீட்டர் ஆழக் கிணறு தோண்டி, 1962 மார்ச்சில் நீரைச் செலுத்தத் தொடங்கியது. அடுத்த மாதமே நிலம் அதிர ஆரம்பித்தது. மாதவாரியாகச் செலுத்திய நீரின் அளவையும் அதிர்வுகளின் எண்ணிக்கையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்து, 1965 நவம்பரில் வெளியிட்டார் டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர். இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ராணுவத்தின் கிணற்றைக் கைகாட்டிச் சொல்ல அன்று துணிச்சல் வேண்டியிருந்தது. 1966 பிப்ரவரியில் கிணறு நிறுத்தப்பட்டது. ஆனால் பெரிய அதிர்வுகள் வந்தது 1967-இல்; ஏறிய அழுத்தம் அதற்குள் பிளவு வழியே தொலைவுக்குப் பரவியிருந்தது.

நீரழுத்தம்தான் காரணமா என்ற சந்தேகம் தீர்ந்தது அதே கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில். 1969 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே வேண்டுமென்றே நீரழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தது. ஏற்றினால் அதிர்வுகள் பெருகின. நீரை வெளியே எடுத்ததும் கிணறுகளை ஒட்டிய பகுதியில் அடங்கின. எந்த அழுத்தத்தில் பிளவு நழுவும் என்று ஆய்வுக்கூடத்து உராய்வு அளவுகளைக் கொண்டு போட்ட கணக்கும் பொருந்தியது: சுமார் 260 பார்.