மலைநாடு தந்த அருள்வாக்கி



சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடலோரம் நடப்போரும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் பொழுது புலரக் காண்போரும் நம்மிற் பலர். கடலும் வானும் நாள்தோறும் கண்முன் இருந்தும், அவற்றைப் படைத்தவனை எண்ணிப் பார்க்கும் மனம் எல்லோருக்கும் எளிதில் வாய்த்துவிடுவதில்லை. திருக்குர்ஆனின் அல்காஷியா அத்தியாயம் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு நம்மை அழைக்கின்றது. அவ்வழைப்பை ஏற்று, அருந்தமிழில் இறைபுகழ் பாடிய புலவர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். கொழும்பில் வாழும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

அவர்தாம் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். கண்டியை அடுத்த தெல்தோட்டையில், போப்பிட்டி என்னும் சிற்றூரில் 1866ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் அல்லாப்பிச்சை ராவுத்தர். ராவுத்தர் என்னும் பெயரே தமிழகத்தின் பழைய முஸ்லிம் மரபொன்றை நினைவூட்டும். அம்மரபின் வேர் அக்கரையில் இருந்தது; புலவரோ மலைநாட்டு மண்ணில் முளைத்தார். பின்னர்த் தமிழகம் சென்று கல்வி கற்று, மீண்டும் இம்மண்ணுக்கே புகழ் சேர்த்தார்.

அவர் பிறந்த காலம் மலைநாடு உருமாறிய காலம். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் தெல்தோட்டைக்கு அணித்தான லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து மலைச்சரிவுகளெல்லாம் தேயிலையாயின. செல்வம் வருவதும் போவதுமாயிருந்த அந்நாளில், மாறாத ஒன்றைப் பற்றி நின்றது புலவரின் உள்ளம்.

அவர் இயற்றியவற்றுள் கண்டிக் கலம்பகம், கண்டி நகர்ப் பதிகம், சந்தத் திருப்புகழ், பிரான்மலைப் பதிகம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இரண்டு நூல்கள் கண்டியின் பெயரையே தாங்கியிருக்கின்றன. பிரான்மலையோ தமிழகத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. அம்மலையில் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம் இருக்கின்றது. கடலின் இரு கரைகளிலும் உள்ள மலைகளைத் தம் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் இப்புலவர்.

கலம்பகம் என்பது பதினெட்டு உறுப்புகள் கலந்து வரும் சிற்றிலக்கியம். கார், வண்டு, தழை, தூது என்பன அவற்றுட் சில. மழையும் மலரும் தும்பியும் இல்லாமற் கலம்பகம் இல்லை. ஆதலால் அவ்வடிவத்தைத் தெரிந்தெடுத்த இஸ்லாமியப் புலவனுக்குப் படைப்பனைத்தும் படைத்தவனின் அத்தாட்சியாகவே அமைந்துவிடுகின்றது. உமறுப் புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அறபு நாட்டுக்கே மழையும் வயலும் நிறைந்த தமிழ் நிலத்தின் எழிலை அணிவித்ததும் இம்மரபின் வழியேதான்.

“திருப்புகழ், பதிகம் என்பவை நம்முடையவையா?” என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் பெருமானார் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடியபோதே அதற்கு விடை கிடைத்துவிட்டது. மொழியும் யாப்பும் தமிழர் அனைவர்க்கும் பொது. அவற்றில் நாம் வைக்கும் ஈமானே நமக்குரியது. அண்டை வீட்டாரின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, அவர்கள் மதிக்கும் புலமையோடு தம் மார்க்கத்தைப் பாடியவர்களை நாம் கைவிட்டால், இந்நாட்டில் நமக்குள்ள வேரின் ஒரு பகுதியை நாமே அறுத்தவர்களாவோம்.

1918இல், ஐம்பத்திரண்டாம் வயதளவில், புலவர் இறையடி சேர்ந்தார். இத்தகையோரின் ஆக்கங்களைத் தேடித் தொகுத்து வரலாறாக்கப் பேராசிரியர் ம. மு. உவைஸ் (1922–1996) போன்றோர் தம் வாழ்நாளையே செலவிட்டனர். எனினும் அறிஞர் கைக்கு எட்டாதவை இன்னும் வீடுகளில் இருக்கக்கூடும். மூத்தவர் மௌத்தானபின் வீட்டைத் துப்புரவு செய்கையில், பழந்தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போகும் கட்டில் ஒரு புலவரின் உழைப்பு முழுவதும் இருக்கலாம்.

நேயர்களே, காணியும் கடையும் மட்டும் வாரிசுரிமை ஆகா. உங்கள் வாப்பாவின் வாப்பா ஓதிய பாட்டு ஏடு அலமாரியில் இருந்தால், இவ்வாரமே அதனை எடுத்துத் தூசு தட்டுங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவரைக் கொண்டு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை இணையத்திற் பேணிவருகின்றது. அதன் வாயிலாகவும் அந்த ஏட்டின் படி நிலைபெறலாம்.

மலைகளை நிலைநிறுத்திய வல்ல அல்லாஹ், அவற்றைக் கண்டு அவனைப் புகழ்ந்த அந்நாவுக்கு நற்கூலி வழங்குவானாக. முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பேணும் மனத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.