தொகுத்தவர் யார், தோல் கொடுத்தவர் யார்: 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடல்களின் பின்கதை

பாட்டுகளைத் தொகுப்பது வெறும் அழகியல் காரியம் என்று இன்னமும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும், யார் பெயர் மிஞ்சும், யார் பெயர் 'வழிவழியாகப் பாடப்படுவது' என்ற ஒரு சொல்லில் கரைந்துபோகும் என்பதையெல்லாம் தொகுப்பவர்தான் தீர்மானிக்கிறார். 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்கிற இசைக்குழுவின் பாட்டுகளைப் பற்றிப் பேச வந்த இக்கட்டுரை, கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். கிதாரும் டிரம்சும் கானாவும் பறையும் சேர்ந்து ஒலித்த அந்தத் தொகுப்பின் கதைகளைத் தோண்டிக்கொண்டே போனால், நாம் வந்து நிற்கிற இடம் கொள்ளிடத்தின் இரண்டு கரைகளாக இருக்கிறது.

கங்கைகொண்ட சோழேச்சரத்தின் மீது கருவூர்த் தேவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில், திருவிசைப்பாவுக்குள் இருக்கிறது. அந்தத் திருமுறைக்குள் இடம்பெற்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் கண்டராதித்தர் சோழ அரசர்; தொகுப்புக்குள் இடம் கேட்க வேண்டிய நிலையில் இருந்தவரல்ல. திருமுறைகள் தொகுக்கப்பட்ட கதையை உமாபதி சிவாச்சாரியாரின் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறை, கரையான் தின்ற ஏடுகள், நம்பியாண்டார் நம்பி, கூடவே ராஜராஜன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அரசன். சரி, 1014இல் ராஜராஜன் காலம் முடிகிறது. கங்கைப் படையெடுப்பு 1023ஐ ஒட்டியது. இந்தக் கோயில் அதற்கும் பிறகு மகன் ராஜேந்திரன் கட்டியது. அப்பன் தொகுத்த நூலுக்குள் மகன் கட்டிய கோயிலின் பாட்டு எப்படி வந்தது? தொகுப்பு ஒரே நாளில் ஒரே கையால் முடிந்துபோனதில்லை, அரசு வளர வளர அதுவும் வளர்ந்தது என்பதற்கு இந்தப் பதிகமே சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. திருப்பதியம் பாட 48 பேர், கூடவே உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடகருக்கான கூலி கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதே கோயிலின் இறையிலி நிலக் கணக்கில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு சேர்த்து, வரி கிடைக்காத இடங்களாக. சேரியில் என்ன பாடினார்கள் என்பதற்கு எந்தக் கல்லும் இல்லை.

பாட்டுக்குக் கல் இல்லாவிட்டாலும் தோலுக்குப் பெரியபுராணத்தில் இடம் இருக்கிறது. நந்தன் கதையை நாம் எப்போதும் தில்லை வாசலில் இருந்துதான் படிக்கிறோம். ஆதனூரிலிருந்து படித்துப் பாருங்கள். கொள்ளிடக் கரை மேற்காநாட்டு ஆதனூரின் புலைப்பாடியில் இருந்த அந்த மனிதர் செய்த திருப்பணி என்ன? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தார். கோயிலின் இசை முழுக்க அவர் உரித்துப் பதப்படுத்திய தோலின் மேல் நடந்தது. அந்த இசையை அவர் வெளியே நின்று கேட்டார். திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குக்கூட ஆரூரில் வடக்கே வேறொரு வாசல்தான் திறந்தது. கருவி வேண்டும், கருவிக்காரன் வேண்டாம் என்கிற இந்த ஏற்பாட்டை மனசில் வைத்துக்கொண்டுதான் 2018க்கு வர வேண்டும்.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற பெயரே வெளியே நிற்பவர்களின் பெயர்தான். பெரிய இசைக் கம்பெனிகளின் பட்டியலில் இடம் கிடைக்காத குழுக்களைச் சின்னச் சின்ன நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டன. 1986இல் பிரிட்டனின் என்.எம்.இ. பத்திரிகை 22 பாடல்களோடு கொண்டுவந்த 'சி86' கேசட் இதற்குப் பேர்போன உதாரணம். ஆனால் அங்கே 'வெளியே' என்பது சந்தைக்கு வெளியே. தமிழ்நாட்டில் வெளியே என்றால் ஊருக்கு வெளியே. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் சேர்ந்து 2017இல் ஆள் தேர்வு நடத்தின. கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற சுயாதீன ராக் குழுவை நடத்தியவர் டென்மா. 19 பேர் கொண்ட குழு உருவாயிற்று. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், ஒரு பள்ளி மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் முதல் நிகழ்ச்சி. எல்லோரும் கோட் சூட். சாவு வீட்டுத் திண்ணையோரம் பாடிய கானாக்காரர்களுக்கு அம்பேத்கரின் உடுப்பு. குழுவின் பெயர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. சாதியற்ற தமிழர் என்பது அவருடைய கருத்து. அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி நடத்திய பத்திரிகையின் பக்கங்கள் 1999இல்தான் ஞான அலாய்சியஸ் தொகுப்பில், பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் மூலம் இரண்டு பெரிய நூல்களாக நம் கைக்கு வந்தன. கரையான் தின்ற ஏட்டுக் கதைக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு மறுபதிப்பு என்றே இதைச் சொல்லலாம். இம்முறை அரசன் யாரும் இல்லை. அந்தத் தொகுப்பு வந்திராவிட்டால் இந்த இசைக்குழுவுக்கு இந்தப் பெயர் வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்து பறை. இந்தப் பாடல்களின் பின்கதைகளில் மிகவும் சிக்கலானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில்தான் காட்டுமன்னார்கோயில். அந்த மண்ணைச் சேர்ந்தவர் எல். இளையபெருமாள், தீண்டாமை குறித்து 1969இல் நடுவண் அரசிடம் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர். சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்துங்கள் என்று அந்த வட்டாரத்தில் இயக்கம் நடத்தியவர். அவருக்குப் பறை என்பது கலை இல்லை, கட்டளை. ஊர்க்காரன் செத்தால் கூப்பிடாமலே போய் அடிக்கணும், குடுக்கிறதை வாங்கிக்கணும், மறுத்தால் உதை. அதைக் கீழே போட்டதும் ஒரு விடுதலைதான். பிறகு, 1990களில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் பண்பாட்டு அலையில் இதற்கு நேர்மாறான குரல் வந்தது. கீழே போடாதே, தெருவின் நடுவில் நின்று உனக்காக அடி என்றது அக்குரல். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைக் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனது இந்த அலையில்தான். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, தேவாலய வழிபாட்டுக்குள்ளேயே நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

இரண்டு நிலைப்பாடுகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கலெக்டிவ் இரண்டாவது வழியில் நடக்கிறது, ஆனால் முதல் வழியின் நியாயத்தை உள்வாங்கிக்கொண்டு. பறை, சட்டி, கட்டமோளம் எல்லாம் அங்கே ஒலிபெருக்கி முன்னால், டிரம்சுக்குச் சமமாக, காசு கொடுத்து வாசிக்கவைக்கப்பட்ட கருவிகள். கானாவும் அப்படித்தான். வடசென்னையில் செத்தவரைப் பற்றி ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடும் பாட்டு அது. செத்தவருக்குச் சரித்திரம் எழுத வேறு ஆளில்லாத இடத்தில் கானாக்காரர்தான் சரித்திரக்காரர். சினிமா அதைக் குத்துப்பாட்டாக்கி, குடிக்கும் கும்மாளத்துக்கும் கொடுத்துவிட்டது. கலெக்டிவ் செய்தது பெரிய புரட்சி என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. இரங்கல் பாட்டை அதன் அரசியலோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதும்.

இடஒதுக்கீட்டைப் பற்றி அறிவு எழுதிய பாடல் இந்தத் தொகுப்பில் எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. உனக்கெதுக்கு கோட்டா என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்கிற பாட்டு. அரக்கோணத்துக்காரர் அறிவு, பொறியியல் படித்தவர், அந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் எந்தத் தலித் மாணவரும் இங்கே கல்லூரியைத் தாண்டியதில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது பாட்டு வேறொன்றாகிவிடுகிறது. அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம், குழுமூர். அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண். மருத்துவத்துக்கான கட் ஆஃப் 196.75. முந்தைய முறையில் சேர்க்கை நடந்திருந்தால் சீட்டு நிச்சயம். நீட் தேர்வில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று ஆனது. செப்டம்பர் 1 அன்று தற்கொலை செய்துகொண்டார். இசைக்குழு உருவான அதே ஆண்டு. அந்தப் பாட்டு அனிதாவைப் பற்றியதல்ல. ஆனால் 'தகுதி' என்கிற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டும் ஒரே நேரத்தில் காட்டின. 1176 தகுதியாக இல்லாமல் போகிற ஒரு கணக்கை யார் எழுதினார்கள் என்பதே கேள்வி. 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2023இல் அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. நந்தனுக்கும் கோயிலுக்குள்ளே சிலை உண்டு.

மாட்டுக்கறிப் பாடலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மாட்டுக்கறி சாப்பிட்டதாகச் சொல்லி 2015இல் தாத்ரியில் ஒருவரை அடித்துக் கொன்ற நாட்டில், நான் இதைத்தான் தின்கிறேன் என்று சந்தோஷமாகப் பாடுவதே ஒரு வாக்குமூலம். சோகமாகப் பாடியிருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். சந்தோஷமாகப் பாடியதுதான் சிலருக்குத் தொந்தரவாயிற்று.

இசைவாணியின் 'ஐ ஆம் சாரி ஐயப்பா' கதை இன்னும் முடியவில்லை. கானா ஆண்களின் களம். அதில் பெயர் சொல்லி அறியப்பட்ட பெண் குரலாக வந்தவர் இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். 2018 செப்டம்பர் 28 அன்று எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காலத்துப் பாட்டு. உள்ளே வந்தால் என்னவென்று சாமியிடமே ஒரு பெண் கேட்கிறாள், கெஞ்சலும் கிண்டலும் கலந்த கானா மொழியில். ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், திடீரென்று அந்தப் பாட்டின் ஒரு துண்டு வெட்டியெடுக்கப்பட்டுச் சுற்றவிடப்பட்டது. போலீசில் புகார்கள், பாடகிக்கு வசவுகள், மிரட்டல்கள். அது கோயில் நுழைவு உரிமையைப் பொதுவாகப் பேசும் பாடல் என்று நீலம் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், மேடை போட்டவர் எல்லாரும் இருக்க, வசவு முழுக்கப் பாடியவள்மேல் விழுந்ததைக் கவனியுங்கள். நந்தன் தில்லை வாசலில் கேட்டதும் உள்ளே வரலாமா என்பதைத்தான். அவரை நெருப்பில் இறக்கிவிட்டு நாயன்மார் ஆக்கினார்கள். இசைவாணி நெருப்பில் இறங்க மறுக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

இரஞ்சித்தின் 2019 ஜூன் பேச்சும் இந்தக் கதையில் சேர வேண்டியதே. ராஜராஜன் காலத்தில்தான் ஒடுக்கப்பட்டவர்களின் நிலம் பறிபோனது, அது எங்களுக்கு இருண்ட காலம் என்று அவர் பேசியது திருப்பனந்தாளில். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அணைக்கரையைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர். வழக்குப் போட்டார்கள். ஒரு சினிமாக்காரர் வரலாற்றைப் பற்றிப் பேசலாமா என்றார்கள். பிரம்மதேயம், தேவதானம் பற்றி ஆய்வாளர்கள் எழுதியபோது அவை நூலகத்தில் அமைதியாக இருந்தன. மைக் பிடித்துச் சொன்னதும் குற்றமாயிற்று. அவருடைய பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கல்வெட்டுச் சான்று இருக்கிறதென்று நான் வாதாட வரவில்லை. யாருடைய பொற்காலம் என்று கேட்கும் உரிமைக்குச் சான்று தேவையில்லை. 2025 ஜூலை 27 அன்று இதே கோயிலில் ராஜேந்திரன் நாணயம் பிரதமரால் வெளியிடப்பட்டு, இளையராஜாவின் இசையும் ஒலித்தபோது, அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே யாருக்கும் மேடை இல்லை.

கடைசியாக, கூலி. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. கலெக்டிவ் தொகுப்புக்கு வெளியே உள்ள பாட்டுதான், ஆனால் அதே ஊற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த தன் பாட்டியின் ஒப்பாரியும் நினைவும்தான் பாட்டின் விதை என்று அறிவு சொல்லியிருக்கிறார். 2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அவர் இல்லாமல் போனார். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு இருந்தது, அவர் இல்லை. யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று பொதுவெளியில் தகராறு நடந்தது. அது ஓய்ந்த பிறகு, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து மூன்று வருஷமாகத் தங்கள் யாருக்கும் ஒரு பைசாவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார். சுயாதீன இசை, எல்லா உரிமையும் கலைஞருக்கே என்று சொல்லித்தான் அந்த ஏற்பாடே தொடங்கியது. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டுக்கு முக்குறுணி நெல்லும் இல்லை.